தீட்டு மோந்த விளக்கு

வத்தல்மலை அடிவாரத்துக் கல்லூத்துப்பட்டிக்கு மழை வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. மழைக்குப் பதிலாக ஒரு சாமியார் வந்து சேர்ந்தார்.

அடேயப்பா, வந்த வரத்தைப் பார்க்க வேண்டுமே! மாட்டு வண்டி முழுக்க வேப்பிலை. முன்னால் பம்பை, பின்னால் உடுக்கை, நடுவில் காவி கட்டிய சாமியார், அவர் மடியில் பட்டுத்துணி போர்த்திய ஒரு பித்தளை விளக்கு. சாமியாருக்கு மோப்பச் சாமி என்று பேர். உண்மையில் மோப்பம் பிடிக்கிறது அவர் இல்லையாம், அவருடைய விளக்காம். தீட்டான பொம்பளை யாராவது பக்கத்தில் வந்தால் விளக்கு மோந்து பார்த்துவிட்டுப் பொசுக்கென்று அணைந்துவிடுமாம். மாரண்டஹள்ளிப் பக்கம் ஏகப்பட்ட பேரைப் பிடித்துக் கொடுத்ததாம்.

திருடனைப் பிடிக்கிற விளக்கு, கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவனைப் பிடிக்கிற விளக்கு, லஞ்சம் வாங்குகிறவனைப் பிடிக்கிற விளக்கு என்று எந்தச் சாமியாரும் இதுவரை கொண்டு வந்ததில்லை. அந்த மாதிரி விளக்கு ஊருக்குள் நுழைந்தால் பம்பை அடிக்க ஒரு ஆள் கிடைக்க மாட்டான். சாமியார்களுக்கு இந்த விவரமெல்லாம் நன்றாகவே தெரியும்.

மாரியம்மன் கோயில் மைதானத்தில் சாமியார் காரணத்தை உடைத்துச் சொன்னார்.

"தீட்டோட பொம்பளைங்க நெலத்துல கால் வெக்கறாங்க. கெணத்துல அவங்க நெழல் விழுது. ஆத்தா மூக்கைப் பொத்திக்கிட்டு மலையைத் தாண்டிப் போயிட்டா. அப்புறம் மழை எங்க இருந்து வரும்?"

ஆம்பளைகளுக்கு அப்படி ஒரு நிம்மதி. ஏரியில் வண்டல் வார ஆள் கூப்பிட்டால் நாலு பேர் சேராத ஊர் அது. கிணற்றை ஆழப்படுத்தலாம் என்றால் இடுப்பு வலி என்பார்கள். இப்போது பாருங்கள், மண்வெட்டியைத் தொட வேண்டியதில்லை, பொம்பளைகளை வரிசையில் நிறுத்தினால் போதும். டீக்கடை குப்புராஜ் அன்றைக்கே கற்பூரமும் எலுமிச்சம்பழமும் மூட்டையாக இறக்கிவிட்டான். கடையில் உட்கார்ந்து விளக்கம் வேறு கொடுத்தான்.

"இது மூட நம்பிக்கை கெடையாதுப்பா. ஒடம்புல இருந்து ஒரு காந்தம் கெளம்புது. அந்தக் காந்தம் நெருப்பை இழுக்குது. வெள்ளைக்காரனே ஒத்துக்கிட்டான்."

எந்த வெள்ளைக்காரன் என்று யாரும் கேட்கவில்லை. டீ ஆறிவிடும் அல்லவா!

கூட்டத்தின் கடைசியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள் குள்ளம்மாள். அவளுக்கு அந்தப் பேர் வைத்தவர்கள் வளர்ந்த பிறகு பார்த்திருந்தால் மாற்றியிருப்பார்கள். அத்தனை நெட்டை. புருஷன் மாது செத்துப்போய் மூன்று வருஷம். பிள்ளை குட்டி இல்லை. அவன் விட்டுப்போனது ஒரு ஜோடி மாடும், ஒன்றரை ஏக்கர் நிலமும், தம்பி தர்மனோடு பொதுவான கிணற்றில் சரிபாதி தண்ணீர் முறையும்தான். ஒருநாள் இவளுக்கு, மறுநாள் தர்மனுக்கு.

அந்த ஒருநாள்தான் தர்மன் கண்ணை உறுத்தியது. அண்ணன் செத்ததும் அண்ணி நிலத்தைத் தன்னிடம் விட்டுவிட்டுத் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தான். அவள் போகவில்லை. மாடு பூட்டிச் சாலில் தண்ணீர் இறைக்கிற கவலையை ஓட்ட ஆள் கிடைக்காமல் செய்து பார்த்தான். யார் போனாலும் தன் வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவைத்தான். அவள் ஒரு நாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தானே மாட்டைப் பூட்டி, கயிற்றின் மேல் உட்கார்ந்து தண்ணீர் இறைத்துவிட்டாள்.

ஐயோ, ஊரே அன்றைக்குக் கிணற்றடிக்கு ஓடி வந்தது. பொம்பளை கவலை ஓட்டலாமா? ஏர் மேழியைத் தொடக் கூடாது, கவலைக் கயிற்றில் உட்காரக் கூடாது, அது தெய்வக் குத்தம். எரு சுமக்கலாம், களை பிடுங்கலாம், நாத்து நடலாம், கதிர் அறுக்கலாம், புடைக்கலாம், அரைக்கலாம், களி கிண்டலாம், எல்லாரும் தின்ற பிறகு சட்டியில் மிஞ்சியிருந்தால் தின்னலாம். அந்த வேலைகளுக்கெல்லாம் தீட்டு ஒட்டாது. தண்ணீர் முறையைக் கையில் வைத்திருக்கும்போதுதான் ஒட்டும்.

இப்போது குள்ளம்மாளின் ராகி கதிர் விடுகிற பருவத்தில் நின்றது. இன்னும் சில தண்ணீர் பாய்ந்தால் வருஷத்துச் சோறு. பாயாவிட்டால் நிலத்தைத் தர்மனிடம் எழுதிக்கொடுத்துவிட்டு எங்கேயாவது கூலிக்குப் போக வேண்டியதுதான்.

முதல் வெள்ளிக்கிழமை விளக்கு தன் வேலையைக் காட்டியது.

அந்த வாரம் சாமியாருக்கு ஊர்ப் பெரியதனம் நஞ்சப்பன் வீட்டில் ஜாகை. நெய் ஒழுகச் சாப்பாடு. பொழுது சாய்கிற நேரம், மைதானத்தின் நடுவில் விளக்கு. முன்னால் பாய் விரித்து ஆம்பளைகள். பின்னால் தரையில் பொம்பளைகள். சாமியார் உடுக்கையை அடித்துப் பாட்டை இழு இழு என்று இழுத்தார். நடுநடுவே ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். அவள் நடுங்கிக்கொண்டே வந்து விளக்கைச் சுற்றுவாள். விளக்கு எரியும். "போ தாயி, நீ சுத்தம்" என்பார். மறுபடி பாட்டு.

குள்ளம்மாள் பாட்டைக் கேட்கவில்லை, விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரி 'சட்' என்று ஒரு சத்தம் போட்டது. உடனே சாமியார் பாட்டை நிறுத்தினார்.

"செல்லி! பெரியதனக்காரர் மருமவ செல்லி, முன்னால வா!"

செல்லி எழுந்து வருவதற்குள் திரி சடசடவென்று பொரிந்தது. அவள் விளக்கை நெருங்கியதும் அணைந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. மாமியார்க்காரி தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாணமாகி நாலு வருஷமாகப் பிள்ளை இல்லை, மகனுக்கு நிலபுலத்தோடு வேறு பெண் பார்க்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு ஊருக்கே தெரியும். விளக்குக்கும் தெரிந்திருந்தது. என்ன பொருத்தம், என்ன பொருத்தம்!

நஞ்சப்பன் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார்: "யாரு நின்னு வெளக்கு அணையுதோ, அவங்க மழை வர்ற வரைக்கும் முட்டுக் குடிசையில இருக்கோணும். நெலம், கெணறு எதுலயும் அவங்களுக்கு ஒட்டும் ஒறவும் கெடையாது. இது ஊர்க் கட்டு."

முட்டுக் குடிசை என்பது ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் இருக்கிற ஓலைக் குச்சு. மாசத்தில் தூரமாகிற பொம்பளைகள் ஒதுங்கி இருக்கிற இடம். மழை பெய்தால் ஒழுகும். மழைதான் பெய்யவில்லையே, அதனால் வசதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடிசைக்கு ஒரு பெருமை உண்டு. ஊரிலேயே ஆம்பளை காலடி படாத ஒரே இடம் அதுதான். பக்கத்தில் போனாலே பாவம் என்று காத தூரம் விலகிப் போவார்கள். அதனால் பொம்பளைகள் வாய்விட்டுப் பேசவும், சிரிக்கவும், அழவும் ஊரில் அது ஒன்றுதான் மிச்சம்.

தூரம் நின்றுபோன பொம்பளைகள்தான் அங்கே சோறு கொண்டுபோவார்கள். செல்லிக்கு மாமியார் வீட்டில் இருந்து சோறு வரவில்லை. குள்ளம்மாள் களி உருண்டையும் அவரைக்கொட்டைக் குழம்பும் எடுத்துக்கொண்டு போனாள். மரத்தடியில் வளையல்காரி ஜான் பீ கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"செல்லி, அன்னிக்கி நீ தூரமாவா இருந்தே?"

"இல்லீங்கத்தை. மாரியாத்தா மேல சத்தியமா இல்ல."

"அப்ப வாயைத் தொறந்து சொல்றதுக்கென்னா?"

"அத்தினி ஆம்பளைங்க குந்தியிருக்காங்க. மாமனாரு எதுக்கால இருக்காரு. அதையெல்லாம் எப்பிடிங்கத்தை வாயால சொல்றது? நாக்கே வரலையே." சொல்லிவிட்டு அழுதாள்.

சாமியாரின் மூலதனம் எதுவென்று அப்போதுதான் குள்ளம்மாளுக்குப் பிடிபட்டது. இந்த வெட்கத்தை நம்பித்தான் அவன் கடை நடத்துகிறான். எந்தப் பொம்பளையும் நாலு பேர் நடுவில் எழுந்து 'எனக்கு இன்றைக்கு இல்லை' என்று சொல்ல மாட்டாள். ஆகவே அவன் சொன்னதுதான் சொன்னது.

ஜான் பீ வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "நான் ஊரூரா போறவக்கா. இந்த ஆளை மாரண்டஹள்ளியிலயே பாத்தேன். மாமியாக்காரி சோறு போட்டா வெளக்கு மருமவளைப் புடிக்குது. மருமவ கை ஓங்கின வூட்டுல தின்னா மாமியாளைப் புடிக்குது. சோறு எங்கியோ, மோப்பம் அங்க!"

"இப்ப எங்க தின்றான்?" என்றாள் குள்ளம்மாள்.

"எங்க வூட்டுலதான் அக்கா" என்று பின்னால் ஒரு குரல். தர்மன் பெண்டாட்டி கோவிந்தம்மாள். மூத்த மகள் குடிசையில் இருந்ததால் அவளுக்குச் சோறு வைக்க வந்திருந்தாள். மாமியார் உயிரோடு இருந்தால் மாமியார் வந்திருப்பாள். சட்டியை இறக்கிவைத்துவிட்டுக் குள்ளம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஓரகத்திகள் இருவரும் பேசிக்கொண்டு மாசக்கணக்காகிவிட்டது. தர்மன் பேசவிடவில்லை.

"வர்ற வெள்ளிக்கெழம உம் பேருதான் அக்கா. ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்ததை என் காதால கேட்டேன். உம் முறையை எடுத்துக்கிட்டா ராகி காஞ்சிடும், அப்புறம் நெலம் தன்னால வந்துடும்னு சொல்றாரு."

"வந்தா உனக்கும்தானே நல்லது? எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றே?"

கோவிந்தம்மாள் மகள் இருந்த பக்கம் பார்த்தாள். "எனக்கு மூணும் பொட்டையாப் பொறந்துது அக்கா. இன்னிக்கி செல்லி, நாளைக்கி நீ. உன் நெலமும் சேர்ந்துட்டா அதுக்கு ஆம்பளை வாரிசு வேணுமில்ல? அதுக்கு அடுத்த வெளக்கு யாருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

கோவிந்தம்மாள் குரலைத் தாழ்த்தி மேலே சொன்னாள்: "அக்கா, நேத்து எங்க வூட்டுல பூசைக்கு ஏத்துனாரு. அத்தாம் பெரிய வெளக்கு. எண்ணெய் மட்டும் ஒரே ஒரு கரண்டி போதும்னாரு. எப்பிடிப் பத்தும்னு பாத்தா, வெளக்கு நெறைஞ்சு தளும்புது. அதுக்கு முன்னால தீர்த்தம்னு ஒரு சொம்பு தண்ணி வாங்கிட்டுப் போயி கதவைச் சாத்திக்கிட்டாரு."

"தண்ணியைக் குடிச்சானா?"

"சொம்பு காலியா வந்துது. குடிச்சதை நான் பாக்கலை."

நாலு பொம்பளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அழுதுகொண்டிருந்த செல்லிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடியில் தண்ணீர், மேலே ஒரு கரண்டி எண்ணெய். எண்ணெய் தீர்ந்து திரியில் தண்ணீர் ஏறினால் 'சட்' என்று பொரியும். அதுதான் சாமியாருக்கு மணி. மணி அடித்ததும் பேரைக் கூப்பிட வேண்டியது. அதுவரைக்கும் இழுக்கத்தான் அந்தப் பாட்டு.

"போயி ஆம்பளைங்ககிட்ட சொல்லிடலாமா?" என்றாள் செல்லி.

"சொன்னா? தீட்டு பேசுதும்பானுங்க" என்றாள் குள்ளம்மாள். "அவனுங்க கண்ணு முன்னாலயே நடக்கோணும். வெள்ளிக்கெழம யாராச்சும் நெசமாவே தூரமா இருக்கறவ வெளக்குக் கிட்ட போகோணும். யாருகிட்டயும் சொல்லாம."

கோவிந்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு வெள்ளிக்கெழமதான் வர்ற நாளு."

"வேணாண்டி. உம் புருசன் உன்னைக் கொன்னுபோடுவான்."

"இப்ப மட்டும் கொஞ்சறாரா?"

வெள்ளிக்கிழமை வந்தது. கோவிந்தம்மாளுக்கு விடிகாலையிலேயே தூரம் கண்டுவிட்டது. குடிசைக்குப் போகவில்லை. ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. குளித்து, மஞ்சள் பூசி, அடுப்பைப் பற்றவைத்தாள். சாமியாருக்கு வெந்நீர் வைத்தாள். அரிசிச் சோறு வடித்து, பருப்புக் கடைந்து, தர்மனும் நஞ்சப்பனும் குப்புராஜும் சாமியாரோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடப் பரிமாறினாள். சாமியார் மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டார்.

"இந்த வூட்டு அம்மா கையில மகாலச்சுமி குடியிருக்கா. அன்னத்துல அப்பிடி ஒரு சுத்த வாசனை" என்று ஏப்பம் விட்டார்.

பொழுது சாய்ந்ததும் மைதானம் நிரம்பியது. பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் வந்திருந்தார்கள். முட்டுக் குடிசையில் இருந்தவர்கள்கூடத் தூரத்தில் வேலி ஓரமாக நின்று பார்த்தார்கள். மாரியம்மனுக்குக் கற்பூரம் காட்டிவிட்டுச் சாமியார் சொன்னார்:

"இந்த ஊருல பத்தினிப் பொம்பளை ஒருத்தி கையால வெளக்கு ஏத்தோணும். தர்மன் பொஞ்சாதி வரட்டும்!"

கோவிந்தம்மாள் எழுந்து போனாள். தீக்குச்சியைக் கிழித்தபோது அவள் கை நடுங்கியதைக் குள்ளம்மாள் பார்த்தாள். பாவம், நடுங்காமல் என்ன செய்யும்? தூரமானவள் விளக்கைத் தொட்டால் கண் அவிந்துபோகும், கை முடங்கிப்போகும் என்று பால் குடிக்கிற வயசில் இருந்து சொல்லித்தானே வளர்த்திருக்கிறார்கள். சாமியாரின் பொய் தெரிந்தவளுக்குக்கூட அந்தப் பயம் விட்டுப்போகவில்லை. திரி பற்றிக்கொண்டது. குதித்து எழுந்து அழகாக எரிந்தது. கோவிந்தம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். கண் தெரிந்தது. கையை மடக்கி நீட்டினாள். கை நன்றாகத்தான் இருந்தது.

"பாருங்க! பாருங்க! பத்தினித் தெய்வம் கை பட்டு எப்பிடி ஜொலிக்குது!" என்றார் சாமியார். தர்மன் மீசையைத் தடவிக்கொண்டான்.

உடுக்கை தொடங்கியது. பாட்டு இழுத்தது. ஒவ்வொருத்தியாக வந்து சுற்றிவிட்டுப் போனார்கள். குள்ளம்மாள் மைதானத்தின் கடைக்கோடியில், வேப்பமரத்தில் சாய்ந்து நின்றாள். காதைத் தீட்டி வைத்திருந்தாள்.

சட்.

"குள்ளம்மா! மாது பொஞ்சாதி குள்ளம்மா, முன்னால வா!"

"வர்றேங்க சாமி. கால்ல முள்ளு ஏறிடுச்சு. எடுத்துட்டு வந்துடறேன்" என்று குள்ளம்மாள் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

"சீக்கிரம் வா!"

"இருங்க, ஆழமா ஏறியிருக்குது."

சாமியார் முகம் மாறியது. திரி சடசடவென்று பொரிந்தது. அவர் பாட்டைக் கூட்டினார், உடுக்கையைக் கூட்டினார், கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். குள்ளம்மாள் காலைத் தூக்கி வைத்து முள்ளைத் தேடிக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்துவிட்டது. கிட்டத்தில் ஒரு பொம்பளை இல்லை.

"அங்க இருந்தே அணைச்சுட்டா பாருங்க! அத்தனை கொடுமையான தீட்டு!" என்று சாமியார் சமாளித்தார். கூட்டமும் ஓவென்றது. கூட்டத்துக்கு என்ன, எதைச் சொன்னாலும் ஓவென்னும்.

குள்ளம்மாள் எழுந்து நடந்து வந்தாள். நொண்டவில்லை. ஆம்பளைகள் உட்கார்ந்திருந்த பாய்க்கு முன்னால் வந்து நின்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"எனக்கு நின்னுபோயி ரெண்டு வருசமாச்சு. இங்கிருக்கற அத்தனை பொம்பளைக்கும் தெரியும். இல்லாத தூரத்தை உங்க வெளக்கு எப்பிடி சாமி மோந்துது?"

ஆம்பளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். நஞ்சப்பன் இருமினார்.

"வெக்கங்கெட்டவளே! புருசன் இல்லாதவ பொய் பேசறா!" என்று சாமியார் கத்தினார்.

"அவங்க பொய் பேசலை" என்று கோவிந்தம்மாள் எழுந்தாள். "தூரமா இருக்கறது நானு. காலையில இருந்து."

தர்மன் குதித்து எழுந்தான். "ஏய்! என்னாடி ஒளர்றே?"

"ஒளறலைங்க. சாமி குளிச்ச வெந்நீரு நான் வெச்சது. மகாலச்சுமி வாசனை அடிச்ச சோறு நான் ஆக்குனது. வெளக்கும் நான் ஏத்துனது. நீங்களுந்தான் பக்கத்துல குந்தித் தின்னீங்க. யாருக்கும் ஒண்ணும் ஆவலை."

நஞ்சப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். குப்புராஜ் வாயில் விரலை விட்டான். மத்தியானம் தின்ற சோற்றை இருட்டுகிற நேரத்தில் வாந்தி எடுக்க முடியுமா என்ன? பின்வரிசையில் இன்னொருத்தி எழுந்தாள், "நானுந்தான்." அப்புறம் இன்னொருத்தி. இரண்டு பேரும் விளக்கைச் சுற்றி வந்து, 'நீ சுத்தம்' என்று சர்டிபிகேட் வாங்கினவர்கள்.

சாமியார் லேசுப்பட்டவரா? கப்பென்று பிடித்துக்கொண்டார். "அதான்! இவளுங்கனாலதான் அணைஞ்சுது! நான் சொல்லலை? இத்தினி தீட்டு கூடினா வெளக்கு எப்பிடி எரியும்?"

கூட்டம் தலையாட்டத் தொடங்கியது. அதுவும் சரிதானே!

"சரிங்க சாமி" என்றாள் குள்ளம்மாள். "இவ கிட்ட நின்னப்ப ஜொலிச்ச வெளக்கு, பாட்டு முடியறப்ப ரோசம் வந்து அணைஞ்சுதாக்கும். பரவால்ல. பொம்பளைங்க அத்தினி பேரும் வேலிக்கு அந்தாண்ட போயிடறோம். ஆம்பளைங்க மட்டும் நில்லுங்க. இன்னொருக்கா ஏத்துவோம். ஒரு பாட்டு நேரம் அணையாம எரிஞ்சா சாமி சொல்றதே நெசம், நான் இப்பவே எம் முறையை விட்டுட்டுக் குடிசைக்குப் போறேன்."

நஞ்சப்பனுக்கு இதில் தவறே தெரியவில்லை. ஆம்பளை நின்று விளக்கு அணையுமா? "நியாயந்தான். ஏத்துங்க" என்றார்.

"வேணாம்! ஆத்தா மலையேறிட்டா! இனிமே வெளக்கைத் தொடக் கூடாது!" என்று சாமியார் பதறினார்.

"ஏன் சாமி பயப்படறீங்க? நான் நிக்கறேன்" என்று தர்மன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி விளக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பெண்டாட்டி பறிகொடுத்த மானத்தை மீட்டாக வேண்டுமே! செல்லி வேலியோரத்தில் இருந்து சிரித்துக்கொண்டே வாயைப் பொத்தினாள்.

கோவிந்தம்மாள் வீட்டில் இருந்து எண்ணெய்ச் சட்டியைக் கொண்டுவந்து குப்புராஜ் கையில் கொடுத்தாள். "சாமி வாங்கற அளவுதான் அண்ணா. ஒரு கரண்டி. நீங்களே ஊத்துங்க." குப்புராஜ் ஊற்றி, புதுத் திரி போட்டு ஏற்றினான். பொம்பளைகள் எல்லாரும் வேலிக்கு அப்பால் போய் நின்றார்கள். மைதானம் முழுக்கச் சுத்தமான ஆம்பளைகள். விளக்கு எரிந்தது.

"பாத்தியா அண்ணி!" என்றான் தர்மன்.

"நின்னுக்கிட்டே இரு தம்பி. ஒரு பாட்டு நேரம்" என்றாள் குள்ளம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து.

சாமியார் பாடவில்லை. பட்டுத்துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பம்பைக்காரன் ஏற்கெனவே வண்டியில் மாட்டைப் பூட்டப் போய்விட்டான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரியையே பார்த்தார்கள்.

சட்.

தர்மன் ஒரு அடி பின்னால் வைத்தான். சடசட, சடசட. விளக்கு அவன் முகத்தில் ஒரு புகையை விட்டுவிட்டு அணைந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் முதலில் ஜான் பீதான் சிரித்தாள். அப்புறம் அத்தனை பேரும். அந்த ஊரில் ஆம்பளைகள் முன்னால் பொம்பளைகள் அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை.

"தம்பி" என்றாள் குள்ளம்மாள், ரொம்ப அக்கறையாக, "இது எத்தனாவது நாளு? குடிசையில எடமிருக்குது. வெக்கப்படாம வா. சோறு நான் கொண்டாந்து வெக்கறேன்."

ஆம்பளைகள் பக்கமும் யாரோ ஒருத்தன் களுக்கென்று சிரித்துவிட்டான். நஞ்சப்பன் மட்டும் விறைத்துப்போய் நின்றார். ஊர்க் கட்டு போட்டவர் அவர்தானே. யார் நின்று விளக்கு அணைகிறதோ அவர்களுக்குக் குடிசை, கிணற்றில் உரிமை கிடையாது. 'அவங்க' என்று சொன்னாரே ஒழிய பொம்பளை என்று சொல்ல மறந்துவிட்டார்.

குள்ளம்மாள் வேலியைத் தாண்டி வந்து விளக்கை எடுத்தாள். நஞ்சப்பன் காலடியில் அதை அப்படியே கவிழ்த்தாள். தண்ணீர் கொட்டியது. ஒரு சொம்புத் தண்ணீர், சொட்டு எண்ணெய் இல்லை. இரண்டு வருஷமாகத் தண்ணீரைத் தேடி வானத்தைப் பார்த்த ஊர், அதைத் தரையில் பார்த்துக்கொண்டு நின்றது.

திரும்பிப் பார்த்தால் சாமியாரைக் காணோம். வண்டி பொம்மிடி ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. விளக்கை விட்டுவிட்டுப் போய்விட்டார். தூரமான பொம்பளை ஏற்றிவைத்த விளக்கு, தொட்டால் தீட்டல்லவா!

அன்றைக்குக் கோவிந்தம்மாள் தன் வீட்டுக்குப் போகவில்லை. மூன்று மகள்களையும் கூட்டிக்கொண்டு குள்ளம்மாள் வீட்டுக்குப் போனாள். தர்மன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். வாசலில் ஊர்ப் பொம்பளைகள் பாதிப் பேர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் ஓங்கின கையால் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனான். அடுத்த வாரம் வந்து வாசலுக்கு வெளியே நின்று, "வூட்டுக்கு வா" என்று கூப்பிட்ட பிறகுதான் அவள் போனாள். செல்லியை மாமனாரே குடிசையில் இருந்து அழைத்துப் போனார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வழியெல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டு போனார்.

குள்ளம்மாள் மறுநாள் தன் முறைக்கு மாட்டைப் பூட்டினாள். தர்மன் முறையை அவள் கேட்கவில்லை, தன்னுடையதை விடவுமில்லை. ராகி பிழைத்துக்கொண்டது. அடுத்த வாரம் ஒருநாள் கயிற்றின் மேல் அவள் உட்கார்ந்து மாட்டை ஓட்டிக்கொண்டிருக்கும்போது குப்புராஜ் கிணற்றடிக்கு வந்து நின்றான். ஒரு வாரமாக அவன் மனசை ஏதோ அரித்துக்கொண்டிருந்தது. கற்பூரம் வேறு மிச்சம்.

"ஏனுங்கக்கா, வெளக்குதான் பொய்யின்னு ஆயிடுச்சு. ஆனா தீட்டு நெசந்தானே? அது பெரியவங்க சொன்னதாச்சே?"

குள்ளம்மாள் மாட்டை நிறுத்தினாள். சால் மேலே வந்து தண்ணீர் வாய்க்காலில் ஓடியது.

"வெளக்கைக் கவுத்துப் பாத்தீங்க, தண்ணி வந்துது. அந்தத் தீட்டையும் ஒருநாள் கவுத்துப் பாருங்க தம்பி, உள்ள என்னா இருக்குதுன்னு" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டினாள்.